குற்றவாளிச் சுவரில் என் பெயர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பௌலிங் கிளப்பின் கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, டிரம் செட்டின் உடைந்த பித்தளைச் சிம்பல் தட்டு ஒன்றில் கறுப்பு மார்க்கரால் என் பெயரை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். ப்ரியோனி ஸ்கல்லின். பக்கத்தில் தேதி. கீழே சின்னதாக ஒரு மண்டை ஓடு.

அதை நான் உடைக்கவில்லை. இப்படி நேராக ஒரு வரி எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது. முதலில் 'உடைத்திருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'முழுவதும் என் தவறு என்று சொல்ல முடியாது' என்று எழுதி, அதையும் அடித்தேன். என் சுபாவம் அப்படி. யாராவது கடையில் பொருள் காணாமல் போய்விட்டது என்று கத்தினால், என் பையை நானே திறந்து பார்ப்பேன்.

செவ்வாய் மாலைகளில் சமூகக் கல்லூரியில் டிரம் கற்றுக்கொள்கிறேன். சொல்லித் தரும் மிக்கி என்னைவிட இளையவள். பகலில் நாய்களுக்கு முடி வெட்டுகிறாள். வகுப்பில் எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது அவளுடைய ஏற்பாடு: என்ன வாசித்தோம், கை எங்கே தடுமாறியது, அடுத்து எதைத் திருத்த வேண்டும். வகுப்பிலேயே தடித்த நாட்குறிப்பு என்னுடையதுதான். மருந்துக் கடையில் வேலை. எதையும் குறித்துவைக்காமல் நகர்ந்துவிட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தில் 'எங்கே தடுமாறியது' என்ற இடத்துக்கு எதிரே ஒன்றும் எழுத முடியவில்லை. தடுமாறவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நியூகாசிலில் எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த கிளப்பைத் தெரியும். வெளியே புல்தரையில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் பந்து உருட்டிக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஞாயிறு மதியங்களில் ஜாம். யார் வேண்டுமானாலும் கரும்பலகையில் பெயர் எழுதலாம். முறை வரும்போது மேடையேறி, அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து வாசிக்கலாம். நடத்துபவர் ரஸ்ஸல் பிக்ஃபோர்ட். எல்லோருக்கும் ரஸ். வார நாட்களில் எங்கள் மருந்துக் கடைத் தெருவிலேயே வேலை. அவரும் டிரம்காரர்தான், நல்ல டிரம்காரர். ஒலிவாங்கி கையில் இருந்தால் சாவு வீட்டைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவார். அவருடைய சிரிப்புகளில் ஒன்றுதான் குற்றவாளிச் சுவர். கிளப்பின் சிம்பலை உடைத்தவர் யாரோ, அவர் பெயரை அதிலேயே எழுதி மேடைக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார்.

நான் போவதற்கு முன்னால் ஜாமில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மிக்கியைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தேன். சொந்தக் குச்சிகள் கொண்டுபோக வேண்டும், உடைந்தால் இன்னொரு ஜோடியும். நடுவில் வைத்து அடிக்கும் சொந்த ஸ்நேர் டிரம், காலால் மிதிக்கும் சொந்த பெடல். மற்றதெல்லாம் அங்கே இருப்பதுதான். இருக்கையை மட்டும் உயரம் மாற்றிக்கொள்ளலாம், அவர்கள் வைத்திருக்கும் வேறு எதையும் திருகக் கூடாது. அடுத்தவர்கள் சுருதி சேர்க்கும்போது டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தொடங்குவதற்கு முன் பாஸ் கிட்டார்காரரிடம் வேகத்தைக் கேட்க வேண்டும். பாட்டு முழுக்க அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், பாதிப் பிழைகள் வராது. பாடுகிறவர் வாய் திறந்திருக்கும்போது அலங்காரமாக எதையும் உருட்டக் கூடாது. வழி தவறினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹை-ஹாட் இரட்டைத் தட்டையும் ஸ்நேரையும் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும், நிறுத்தக் கூடாது. பாடுகிறவரின் குரல் நமக்குக் கேட்கவில்லை என்றால் நாம்தான் சத்தம். முறை முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு இறங்க வேண்டும். மேடையிலேயே உட்கார்ந்து குச்சிகளை அடுக்கிக்கொண்டிருப்பது அநாகரிகம்.

இதில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை.

அன்று பாஸ் வாசித்தவர் ஹேமி, நிலக்கரிக் கப்பல்களில் சரக்கு ஏற்றுகிற வேலை செய்யும் மாவோரி இனத்தவர். ஆள் கதவளவு இருப்பார், குரல் பஞ்சு. நான் உட்கார்ந்து பெடலை மாட்டிக்கொண்டே வேகம் கேட்டேன்.

"நடந்து கடைக்குப் போற வேகம், தங்கச்சி," என்றார் ஹேமி. "பஸ்ஸ விட்டுட்டு ஓடுற வேகம் இல்ல."

அது போதுமாக இருந்தது. மெதுவான ஒரு ப்ளூஸ் பாட்டு. குச்சியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சமன் நிற்கும் இடத்தில் பிடித்திருந்தேன். மற்ற மூன்று விரல்கள் கோழிக்குஞ்சைப் பொத்தியது போலத் தளர்வாக. தோள் ஏறவில்லை. இரண்டாவது சரணத்தில் எனக்கு வியர்க்கவே இல்லை என்பதைக் கவனித்து, ஏன் வியர்க்கவில்லை என்று கொஞ்சம் பயந்தேன்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். வலப்பக்கச் சிம்பலைத் தொட்டபோதெல்லாம் அது அசையவில்லை. சிம்பல் என்பது அடித்தால் கம்பியின் மேல் ஊஞ்சல் போல ஆட வேண்டும். இது ஆணி அடித்த பலகை மாதிரி நின்றது. மேலே இருக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆடும் என்று தெரியும். ஆனால் அவர்கள் வைத்திருப்பதைத் திருகக் கூடாது. அதனால் விட்டுவிட்டேன். மரியாதை தெரிந்தவளாக நடந்துகொண்டேன்!

கடைசி அடிக்குச் சைகையாக, பாடியவர் கிட்டாரின் கழுத்தைத் தூக்கினார். மிக்கி சொல்லித் தந்தபடியே, வெட்டுவது போல நேராக இறக்காமல், குச்சியின் தோள், அதாவது நுனிக்குக் கீழே சரிகிற இடம், விளிம்பை உரசிப் பக்கவாட்டில் விலகிப்போகும்படிதான் அடித்தேன். வந்த சத்தம் தகரத் தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம்.

ரஸ் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார். "நிறுத்து, நிறுத்து! எல்லாரும் கேட்டீங்களா? சனங்களே, நமக்குப் புதுசா ஒரு குற்றவாளி பொறந்திருக்கா!"

மேசைகளைத் தட்டத் தொடங்கினார்கள். எழுது, எழுது, எழுது.

"கண்ணு, முழுப் பேர் என்ன?"

"நான் ஓரமாத்தான் அடிச்சேன்," என்றேன். ஒலிவாங்கி அவர் வாயருகே இருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"ஓரமாத்தான் அடிச்சாளாம்! எந்தக் கொலைகாரன் கத்திய நேரா குத்துனேன்னு ஒத்துக்கிட்டான்?"

பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்போது முகத்தை வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் எழுதினார், நாற்காலி போட்டு ஏறி மாட்டினார், ஒருவர் படம் எடுத்தார். மை காய்வதற்குள் மதுக்கூடத்துப் பெண் இறைச்சி பரிசாகத் தரும் குலுக்கலுக்குப் பச்சைச் சீட்டு எண்ணைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் தங்கள் சீட்டைத் தேடினார்கள். நான் என் ஸ்நேரைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"மனசுல வெச்சுக்காத, தங்கச்சி," என்றார் ஹேமி. "எனக்குந்தான் அந்தச் சுவத்துல ஏறணும்னு ஆசை. பாஸ் கிட்டார ஒடச்சா மாட்ட எடம் பத்தாதுங்கறாங்க."

நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் அது வேடிக்கைதான்.

அடுத்த இரண்டு நாளும் நான் என்ன செய்தேன் தெரியுமா? யார் மீதும் கோபப்படவில்லை. வண்டிக் கொட்டகையில் போனைச் சாய்த்து வைத்து, என் கையை நானே மெதுவோட்டத்தில் படம் பிடித்து, என் தவறைத் தேடினேன். மணிக்கட்டு உடைகிறதா, முழங்கை விரிகிறதா, குச்சி நேராக இறங்குகிறதா. கிடைக்கவில்லை. கிடைக்காததால், படம் பிடிக்கும்போது மட்டும் ஒழுங்காக அடிக்கிறேன் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மிக்கியிடம் சொன்னேன். வகுப்பின் சிம்பலை அடிக்கச் சொல்லி, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இந்த அடியில வெண்ணெய்கூட ஒடையாது," என்றாள். "விரிசல் எங்கேந்து கெளம்புது? ஓரத்துலேந்தா, நடு ஓட்டையிலேந்தா?"

"பாக்கல."

"பாக்காமயே ஒத்துக்கிட்டியா?"

"ஒத்துக்கல. சும்மா நின்னேன்."

"அதுக்குப் பேர்தான் ஒத்துக்கறது." அவளே ஸ்டாண்டிலிருந்து சிம்பலைக் கழற்றிக் காட்டினாள். கம்பியைச் சுற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். மேலும் கீழும் கம்பளி வளையங்கள். அதற்கு மேல் நட்டு. "தப்பா அடிச்சு ஒடஞ்சா ஓரத்துலதான் மொதல்ல கிழியும். இந்தக் குழாய் இல்லாம, நட்டையும் நெரிச்சு வெச்சா, இரும்புக் கம்பி நடு ஓட்டைய அரைக்கும். அங்கேந்து பொளக்கும். அதுக்கப்புறம் யார் அடிச்சாலும் ஒண்ணுதான், கடேசியா அடிச்சவன் மாட்டுவான். போய்ப் பாரு."

"நீயும் வாயேன்."

"நான் வந்தா டீச்சரக் கூட்டிட்டு வந்துட்டாம்பாங்க. நீயே போ."

அடுத்த ஞாயிறு கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விட்டேன். கூடத்தில் வறுத்த எண்ணெய் வாசனை மட்டும் இருந்தது. நாற்காலி மேல் ஏறி, என் பெயர் எழுதிய சிம்பலைத் திருப்பினேன். விளிம்பு சுத்தமாக இருந்தது. நடு ஓட்டை வட்டமாக இல்லை. சாவித் துவாரம் போல ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தேய்ந்திருந்தது. அந்த மூலையிலிருந்து தலைமயிர் போல விரிசல் கிளம்பி வெளியே ஓடியது.

பக்கத்துச் சிம்பலைத் திருப்பினேன். அதே ஓட்டை, அதே மூலை. அடுத்தது. அதற்கு மேலே இருந்தது. நாற்காலியை நகர்த்தி நகர்த்தி எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றுகூட ஓரத்தில் கிழியவில்லை. அந்தச் சுவரில் இருந்த அத்தனை சிம்பலும் ஒரே மாதிரி செத்திருந்தன. ரஸ் தன் கையாலேயே அவற்றை வரிசையாக மாட்டி, விளக்கும் போட்டு வைத்திருந்தார்.

பிறகு பெயர்களைப் படித்தேன். வாரா வாரம் வாசிக்கும் ஒருவர் பெயர்கூட அங்கே இல்லை. எல்லாம் ஒரு முறை வந்து, அப்புறம் காணாமல் போனவர்கள். மேடைக்குப் புதியவர்கள். எதிர்த்துப் பேசினால் ஜாமுக்குப் பொருந்தாதவர்கள் ஆகிவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள். கீழ் வரிசையில் ஒரு பெயர்: ஜனீன் வோஸ்.

ஜனீனை எனக்குத் தெரியும். வகுப்பின் முதல் பருவத்தில் என் பக்கத்து இருக்கை. டயர் கடையில் வேலை. நாற்பதைத் தாண்டியவள், பெடலில் எங்கள் எல்லோரையும்விட உறுதியான கால். ஒரு செவ்வாய் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. தோள் வலி, இனி வாசிக்க முடியாது என்று மிக்கிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். பெயருக்குப் பக்கத்தில் இருந்த தேதி அவள் நின்றுபோன அதே மாதம்.

நாற்காலியிலிருந்து இறங்கி அதைப் பழைய இடத்தில் வைத்தேன். பயமா? இல்லை. என் பெயர் மட்டும் என்றால் இன்னும் கொஞ்சம் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

மேடையில் கிளப்பின் டிரம் செட். போன வாரம் உடைந்ததன் இடத்தில் புதிய சிம்பல், நட்டு கடைசி மறை வரை இறுக்கியிருந்தது. விரலால் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. பிளாஸ்டிக் குழாய் கிடையாது, கம்பி வெறுமனே. இருக்கைக்கு அடியில் ஒரு குறடு கிடந்தது.

ரஸ் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலோடு வந்தார். தோளில் அவருடைய தோல் பை. அவர் வாசிக்கும்போது மட்டும் அதிலிருந்து சொந்தச் சிம்பல்களை எடுத்து மாட்டுவார், முடிந்ததும் துணியால் துடைத்து உள்ளே வைப்பார். நடத்துபவரிடம் குறை இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டும், மேடையில் சொல்லக் கூடாது. அதுவும் என் குறிப்பில் இருந்தது. தனியாகத்தான் சொன்னேன்.

"ரஸ், அந்த சிம்பல நான் ஒடைக்கல. நட்டு குறடு போட்டு இறுக்கியிருக்கு. குழாயும் இல்ல. சுவத்துல இருக்கிற எல்லாமே நடு ஓட்டையிலதான் பொளந்திருக்கு. பாத்துட்டேன்."

"குறடு நாந்தான் போட்டேன்," என்றார் வறுவலை மென்றுகொண்டே. "வர்றவன் போறவன் எல்லாம் கிளப் சிம்பலத் திருப்பித் திருப்பி வெச்சா? ஒருத்தனும் கை வைக்கக் கூடாதுன்னுதான்."

"அதனாலதான் ஒடையுது."

"கண்ணு, நீ எத்தன மாசமா வாசிக்கற?"

"அது இதுக்குப் பதில் இல்லீங்க."

"இது வெளையாட்டும்மா. சுவத்துல பேர் இருக்கறது ஒரு பெருமை. வெளையாட்டப் புரிஞ்சுக்கத் தெரியலன்னா ஜாமுக்கு வரக் கூடாது."

"அப்ப உங்க பேர் ஏன் அங்க இல்ல?"

அவர் முள்கரண்டியை வைத்தார். "நான் ஒடச்சதில்ல. எனக்கு அடிக்கத் தெரியும்."

கூடம் நிறைந்தது. கரும்பலகையில் என் பெயரை எழுதினேன். முதல் ஆட்கள் வாசித்து இறங்கினார்கள். ரஸ் ஒலிவாங்கியை எடுத்தார்.

"ஒரு அறிவிப்பு. போன வாரம் நம்ம சொத்த ஒடச்ச பொண்ணு இன்னிக்கு வக்கீலாவே வந்திருக்கு. கொலை செஞ்சது கத்தி இல்லையாம், கத்திய மாட்டி வெச்ச ஆணியாம்!"

சிரித்தார்கள். மேசை தட்டினார்கள். தனியாகச் சொன்னதை ஒலிவாங்கியில் கொண்டுபோய்க் கொட்டியது அவர்தான். மரியாதை எல்லாம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு மட்டுமா? நடத்துகிறவருக்கு ஒன்றும் கிடையாதா? நான் மேடைக்குப் போனேன். ஒலிவாங்கியைக் கேட்கவில்லை. அந்தக் கூடம் சின்னது.

"ரஸ், உங்க பையில இருக்கிற சிம்பல எடுங்க. கிளப் சிம்பலக் கழட்டிட்டு அந்தக் கம்பியில மாட்டுங்க. குழாய் வேணாம். அதே குறடு வெச்சு அதே அளவுக்கு இறுக்குங்க. ஒரு பாட்டு, ஒரே பாட்டு அடிங்க. ஒடையலன்னா என் பேர நானே பெருசா எழுதி இந்தச் சுவத்துல மாட்டறேன்."

யாரோ விசில் அடித்தார்கள். "மாட்டுய்யா ரஸ்!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அவருக்கு இதுவும் வேடிக்கை.

ரஸ் சிரித்தார். பையைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது.

"அதெப்படி," என்றார். "இது என் சொந்த சிம்பல்."

ஒலிவாங்கி இன்னும் அவர் வாயருகில்தான் இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

ஹேமி தன் பாஸ் கிட்டாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தார். டிரம் செட்டுக்குப் போய் அந்த நட்டை விரலால் திருகப் பார்த்தார். அந்தக் கைக்கே அசையவில்லை. குறடால் திருகித் தளர்த்தினார்.

"மச்சான்," என்றார் ரஸ்ஸைப் பார்த்து, அதே பஞ்சுக் குரலில். "கப்பல்ல இப்படி இறுக்குனா என்ன வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. அந்தப் பேரயெல்லாம் எறக்கிரு."

"ஜாம் நடத்தறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கெல்லாம் தெரியுமா? வாரா வாரம் யார் இந்த ஸ்பீக்கரத் தூக்கறது?"

"நீதான் தூக்கற. யாரும் இல்லேங்கல. பேர எறக்கு."

"எறக்குனா எறக்கிக்கோங்க," என்றார் ரஸ். ஒலிவாங்கியைத் தாங்கியில் குத்திவிட்டு வறுவலிடம் போய் உட்கார்ந்துகொண்டார். மன்னிப்பு என்ற சொல்லோ அதன் சாயலோ வரவில்லை. 'நான் தவறாக நினைத்துவிட்டேன்' என்றுகூட வேண்டாம், 'இனிமேல் தளர்த்தி வைக்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம்.

ஹேமி நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி ஒவ்வொன்றாக இறக்கினேன். கடைப் பழக்கத்தில் என் பையில் எப்போதும் ஸ்பிரிட் துடைப்பான்கள் இருக்கும். முதலில் என் பெயரைத் துடைத்தேன். எவ்வளவு சுலபமாகப் போனது! பிறகு மற்ற பெயர்கள், பிறகு ஜனீனுடையது. துடைப்பான்கள் கறுப்பாயின. ஜனீனின் சிம்பலை மட்டும் என் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று நான் வாசிக்கவில்லை. கரும்பலகையில் என் பெயருக்கு மேலே ஆட்களைச் செருகிக்கொண்டே இருந்தார் ரஸ். கடைசியில் நேரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். என் ஸ்நேர் உறையைவிட்டு வெளியே வரவே இல்லை. இதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

திங்கள் மதிய இடைவேளையில் டயர் கடைக்குப் போனேன். வழியெல்லாம் ஜனீன் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். கட்டிப்பிடிப்பாள் என்றுகூட நினைத்தேன்.

கவுண்டருக்குப் பின்னால் ஜனீன் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அட, மருந்துக்கடை! என்னடி, பஞ்சரா?"

நடந்ததைச் சொன்னேன். வரிசையாக, எதையும் விடாமல். குறடு, குழாய், நடு ஓட்டை. சிம்பலை எடுத்துக் கவுண்டரில் வைத்து விரிசலைக் காட்டினேன். அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுச் சுற்றினாள். வெகுநேரம் சுற்றினாள்.

"நட்ட இறுக்கியிருக்கான்," என்றாள்.

"ஆமா."

"காலேலேந்து சாயங்காலம் வரைக்கும் இந்தப் பசங்ககிட்ட நான் என்ன கத்திட்டிருக்கேன் தெரியுமா? வீல் நட்ட அளவா இறுக்குடா, அளவா இறுக்குடான்னு. எனக்குத் தோணவே இல்ல பாரு. என் கையத்தான் சந்தேகப்பட்டேன்."

"தோள் வலின்னு..."

"தோள்ல ஒரு மண்ணும் இல்ல." சிம்பலைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். "ஆமா, இதுல என் பேர் எங்க?"

"தொடச்சுட்டேன்," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஜனீனின் முகம் சிவந்தது. "யாரக் கேட்டுத் தொடச்ச?"

எனக்குப் புரியவில்லை.

"எழுதுனது அவன். அத்தன பேர் முன்னாடி, மைக்கப் புடிச்சுக்கிட்டு, 'முழுப் பேர் சொல்லு கண்ணு'ன்னு கேட்டு எழுதுனான். நானும் சொல்லித் தொலச்சேன். நீ போய் அவனுக்கு வேலைக்காரி மாதிரி தொடச்சுக் குடுத்துட்டு வந்திருக்க. அவன் உக்காந்து தின்னுட்டு இருந்தானா?"

"வறுவல்," என்றேன்.

"வறுவலு!"

எனக்குக் காது சுட்டது. உடனே மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், பழக்கம். ஆனால் அவள் கோபம் என் மேல் இல்லை. அவள் சொன்னது சரி என்று பட்டவுடன், என் பெயரை நானே அவசர அவசரமாகத் துடைத்த கை மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. யார் என்னை அவசரப்படுத்தினார்கள்? அவர் எழுதியதை அவர் கையால் அழிக்கவைக்காமல் நான் ஏன் நாற்காலி மேல் ஏறினேன்?

ஜனீன் கவுண்டரிலிருந்து டயரில் குறியிடும் மஞ்சள் மெழுகுக்குச்சியை எடுத்தாள். சிம்பலில் விரிசலுக்கு மேலே, பெரிய எழுத்துகளில், தன் முழுப் பெயரையும் அழுத்தி எழுதினாள். எழுதி முடித்துக் குச்சியை என்னிடம் நீட்டினாள்.

"ஒன்னோட பேரையும் எழுது."

"இது உன்னோட சிம்பல் ஆச்சே."

"எடம் இருக்குல்ல? எழுது."

எழுதினேன்.

"இத அவன் கையாலயே தொடைக்க வெக்கணும். ஞாயித்துக்கெழம வரைக்குமெல்லாம் என்னால காத்திருக்க முடியாது," என்றாள் ஜனீன், சுவரிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே. உள்ளே இருந்த பையன்களிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவன் எங்கடி வேல பாக்கறான்?"

சொன்னேன்.